பிரசங்கி தன்னையே மறுத்துப் பேசுகிறதே, எதை முடிவாக எடுத்துக்கொள்வது?

மாலைவாசகர்:

வேதாகமத்தின் பிரசங்கி நூலை (திருவிவிலியத்தில் சபை உரையாளர்) ஒரு வாசிப்புக் குழுவில் ஆறு அமர்வுகளாக எடுத்து நடத்த வேண்டியிருக்கிறது. குழுவில் நம்பிக்கையாளர்களும் உண்டு, பழைய இலக்கியமாக மட்டும் படிப்பவர்களும் உண்டு. எல்லாருக்கும் இடறுகிற இடம் ஒன்றுதான். நூல் ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடத்தில் மறுக்கிறது.

4:2-இல் (4-ஆம் அதிகாரம், 2-ஆம் வசனம்) உயிரோடிருப்பவர்களைவிடச் செத்தவர்கள் மேல் என்கிறது. 9:4-இல் செத்த சிங்கத்தைவிட உயிருள்ள நாய் வாசி என்கிறது. 1:18-இல் ஞானம் பெருகினால் சலிப்பும் பெருகும். 2:13-இல் இருளைவிட வெளிச்சம் எவ்வளவு மேலோ, மூடத்தனத்தைவிட ஞானம் அவ்வளவு மேல். 8:12-13-இல் கடவுளுக்குப் பயப்படுகிறவன் நன்றாக இருப்பான், துன்மார்க்கன் நீடித்திருக்க மாட்டான். அடுத்த வசனத்திலேயே, நீதிமானுக்குத் துன்மார்க்கனுக்குரிய கதி வருகிறதே என்ற புலம்பல்.

கடைசியில் 12:13 வந்து 'கடவுளுக்குப் பயந்து அவர் கற்பனைகளைக் (கட்டளைகளை) கைக்கொள்' என்று முடித்துவைக்கிறது. அந்த ஒரு வரியை வைத்து முன்னால் உள்ள பன்னிரண்டு அதிகாரத்தையும் படிக்க வேண்டுமா? இல்லை, அது பின்னால் ஒட்டப்பட்டதா? சாலொமோன் ராஜாதான் எழுதினார் என்று எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதும் கட்டாயம் எழும். எந்த வழியில் போனால் குழு முதல் அமர்விலேயே சண்டையில் முடியாது?

ஏட்டுச்சுவடி:

சண்டை புதிதில்லை. யூத மரபின் சட்ட, விளக்கத் தொகுப்பான பாபிலோனியத் தால்மூதின் சப்பாத் பகுதியில் (30ஆ) அறிஞர்கள் இந்த நூலை ஒதுக்கி மறைத்துவைக்க நினைத்தார்கள் என்று வருகிறது. அங்கே சொல்லப்படும் காரணம் நீங்கள் சொன்னதேதான்: இதன் வார்த்தைகள் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஏன் மறைக்கவில்லை? தொடக்கமும் தோராவின் (திருச்சட்டத்தின்) வார்த்தை, முடிவும் தோராவின் வார்த்தை என்பதால் என்கிறது அதே பகுதி. யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் (யாதாயிம் 3:5) இது புனித நூலா என்பதில் ஹில்லேல், ஷம்மாய் என்ற இரு யூத அறிஞர் பள்ளிகளுக்கும் ஒத்துப்போகவில்லை. அந்தக் காலத்து மொழியில் கேள்வி 'இது கைகளைத் தீட்டுப்படுத்துமா' என்று வரும். தீட்டுப்படுத்தினால் புனித நூல். ஹில்லேல் பள்ளி தீட்டுப்படுத்தும் என்றது, ஷம்மாய் பள்ளி இல்லை என்றது. குழுவின் முதல் அமர்வில் இதைச் சொல்லிவிடுங்கள். முரண்பாட்டைக் கவனித்ததால் யாரும் பக்தி குறைந்தவர் ஆகிவிடவில்லை என்பது தெரிந்தால் பாதி சூடு தணியும்.

இனி விஷயம். எதிரெதிர் வரிகளை இரண்டு பத்தியாக எழுதி எது ஜெயிக்கிறது என்று பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. ஒவ்வொரு வரியும் எவ்வளவு பெரிய கேள்விக்குப் பதில் என்று பார்க்க வேண்டும்.

1:3-தான் நூலின் கேள்வி: மனிதன் படும் பாடு எல்லாவற்றாலும் அவனுக்குப் பலன் என்ன? 'பலன்' என்று நாம் படிக்கும் இடத்தில் இருப்பது 'யித்ரோன்', வரவு செலவு எல்லாம் போக நிற்கும் மிச்சம். எபிரேய வேதாகமத்தில் இந்த நூலைத் தவிர வேறெங்கும் அந்தச் சொல் கிடையாது. இங்கே 10 முறை வருகிறது. அந்தப் பத்தையும் தேடிப் பக்கத்தில் குறித்துவையுங்கள். வாழ்க்கை முழுவதையும் கூட்டிப் பார்க்கும் இடங்களில் (1:3, 2:11, 3:9, 5:16) பதில் 'மிச்சம் இல்லை', அல்லது பதில் இல்லாமல் தொங்கும் கேள்வி. ஒன்றுக்கொன்று ஒப்பிடும் இடங்களில் (2:13, 7:12, 10:10) பதில் 'உண்டு'. 10:10 நல்ல உதாரணம்: இரும்பு மழுங்கியிருக்கிறது, தீட்டவில்லை, அப்படியானால் அதிக பலத்தைப் போட வேண்டும், ஞானம் அங்கே உதவும். கோடாரி அளவில் ஞானத்துக்கு லாபம் உண்டு. ஆயுள் அளவில் ஞானிக்கும் மூடனுக்கும் ஒரே முடிவு, அதைத்தான் 2:14-16 சொல்கிறது. 2:13-ஐயும் 2:15-ஐயும் ஒரே மூச்சில் எழுதியவருக்கு இது முரண்பாடாகத் தோன்றியிருக்காது.

மிச்சம் இல்லை என்று ஆனபின் நூல் கையில் எடுப்பது வேறு சொல்: 'பங்கு'. எபிரேயத்தில் 'ஹேலெக்', மொத்தம் 8 இடங்கள். 2:10, 3:22, 5:18, 5:19, 9:9 இவற்றை வரிசையாகப் படியுங்கள். மிச்சம் என்பது சேர்த்துவைத்துப் பின்னால் எடுத்துக்கொள்வது. பங்கு என்பது இப்போது தட்டில் விழுவது. செத்தவர்களுக்கு இனி எந்தப் பங்கும் இல்லை என்று 9:6 கதவைச் சாத்துகிறது. 'வாழ்வதால் என்ன லாபம்' என்று தொடங்கிய நூல், அந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்லிவிட்டு, 'உனக்கு விழுந்த பங்கை என்ன செய்கிறாய்' என்று வேறு கேள்விக்கு நகர்ந்துவிடுகிறது. நூல் முழுக்க ஒரே கேள்விதான் என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் முரண்படும்.

8:11-14-ஐ மட்டும் வரி வரியாகப் பிரித்துக் காட்டுங்கள், அரை மணி நேரம் அதற்கே போகட்டும். 11: தீர்ப்பு உடனே நடக்காததால் மனுஷர் துணிந்து கெட்டது செய்கிறார்கள். இது கண்ணால் கண்டது. 12-இன் முதல் பாதி: பாவி நூறு தரம் செய்தும் நெடுநாள் வாழ்கிறான். இதுவும் கண்டது. 12-இன் பின்பாதி 'ஆனாலும் நான் அறிந்திருக்கிறேன்' என்று தொடங்குகிறது. பயந்து நடப்பவர்களுக்கு நன்மை உண்டாகும் என்பது கற்றுக்கொடுக்கப்பட்டது. நீதிமொழிகளில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற பாடம். 14: பூமியில் நடக்கும் ஒரு காரியம் உண்டு, நீதிமான்களுக்குத் துன்மார்க்கரின் கதி நேர்கிறது. மறுபடி கண்டது. கற்றதைக் கண்டது இரண்டு பக்கமும் நெருக்கி நிற்கிறது, அவர் எதையும் அழிக்கவில்லை. 'கண்டேன்', 'என் உள்ளத்தில் சொன்னேன்', 'அறிவேன்' மூன்றுக்கும் மூன்று நிறப் பென்சில் வைத்துக்கொண்டு நூல் முழுக்கக் கோடு போட்டால் பாதி முரண்பாடு தானே வடிவம் எடுக்கும்.

4:2-க்கும் 9:4-க்கும் சூழல்தான் பதில். 4:1-இல் ஒடுக்கப்பட்டவர்களின் கண்ணீர் இருக்கிறது. தேற்றுவார் இல்லை என்று ஒரே வசனத்தில் இரண்டு முறை வருகிறது. அதைப் பார்த்தவன் சொல்வது 4:2. 9:4-இல் நாய்க்குக் கிடைக்கும் பாராட்டு என்னவென்று அடுத்த வரியில் பாருங்கள்: உயிருள்ளவர்களுக்குத் தாங்கள் சாவோம் என்று தெரியும், செத்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இதை வாழ்வுக்கான புகழுரை என்று எடுத்து மேடையில் பேசுகிறவர்கள் அந்தக் கிண்டலைத் தவறவிடுகிறார்கள்.

நூல் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் 'மாயை' பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டதும் உலகம் பொய்த்தோற்றம் என்ற தத்துவம் மனதில் வந்து உட்கார்ந்துவிடும். மூலத்தில் 38 முறை வரும் 'ஹெவெல்' மூச்சுக்காற்று, நீராவி. இருக்கிறது, பிடிக்க முடியாது, நிற்காது. இவ்வளவு போதும். இதிலேயே ஒரு அமர்வை ஓட்டிவிடாதீர்கள், நிறையக் குழுக்கள் அங்கேயே சிக்கி 3-ஆம் அதிகாரத்துக்கு வந்து சேர்வதில்லை.

எதிர்வெயில்:

ஏட்டுச்சுவடி சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. முடிவுரை பற்றி அவர் தொடவில்லை, அதை எடுத்துக்கொள்கிறேன்.

நூலில் இரண்டு குரல்கள் இருக்கின்றன. 'நான்' என்று பேசும் பிரசங்கி ஒருவர். 'என்று பிரசங்கி சொல்லுகிறான்' என்று அவரை வெளியே நின்று அறிமுகப்படுத்தும் குரல் இன்னொன்று. இரண்டாவது குரல் 1:1-2-லும் 12:8-14-லும் இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு இடம், 7:27. 'மாயை, மாயை, எல்லாம் மாயை' என்பது 1:2-இலும், சற்றுச் சுருங்கி 12:8-இலும் வருகிறது, புத்தகத்தின் முன் அட்டையும் பின் அட்டையும் போல. 12:9-லிருந்து பிரசங்கியைப் பற்றி அவன், அவன் என்று பேசுகிறார்கள்: ஞானியாயிருந்தான், ஜனங்களுக்கு அறிவைப் போதித்தான், நீதிமொழிகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தினான். 12:12-இல் 'என் மகனே' என்ற அழைப்பு வருகிறது. நீதிமொழிகளில் சாதாரணமாக வரும் அந்த விளி இந்த நூலில் வேறெங்கும் கிடையாது. இது இக்காலத்தார் மட்டும் கண்டுபிடித்ததில்லை. 12-ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ரஷ்பாமின் பெயரில் வழங்கும் உரையே தொடக்க வசனங்களையும் முடிவையும் தொகுத்தவர்களின் வார்த்தை என்கிறது.

அதனால் 12:13 ஒட்டுப்போட்டது, தூக்கி எறியலாம் என்று ஒரு கட்சி கிளம்பும். அவசரம். கடவுளுக்குப் பயப்படுவது நூலின் உடம்பிலேயே இருக்கிறது: 3:14, 5:7, 7:18, 8:12-13. நியாயத்தீர்ப்பும் இருக்கிறது: 3:17, 11:9. முடிவுரையில் புதிதாக வருவது 'கற்பனைகளைக் கைக்கொள்' என்பதுதான். கடவுளின் கட்டளைகள் என்ற பேச்சு உடம்பில் எங்குமே இல்லை. 8:5-இல் வரும் கட்டளை ராஜாவினுடையது. ஆக, முடிவுரைக்காரர் பிரசங்கியிடமிருந்தே ஒரு இழையை எடுத்து, தன்னுடையதையும் சேர்த்து முறுக்கியிருக்கிறார். அவர் பிரசங்கியை மறுக்கவில்லை. 12:10-இல் செவ்வையாக, சத்தியமாக எழுதினான் என்றுகூடச் சான்று தருகிறார். 12:11-இல் ஞானியரின் சொல்லைத் தாற்றுக்கோலோடு (மாட்டைக் குத்தி ஓட்டும் கோல்) ஒப்பிடுகிறார். குத்தும் என்று தெரிந்தேதான் கையில் கொடுக்கிறார்.

ஆனால் 12:13-ஐ முதலில் படித்துவிட்டு மற்றதைப் படிக்கவே கூடாது. அப்படிச் செய்தால் 4:1-இன் கண்ணீர், 9:11-இன் 'வேகமுள்ளவர்களின் வேகம் ஓட்டத்துக்குப் போதாது' எல்லாம் ஒரு பாடத்துக்கான முன்னுரையாகச் சுருங்கிவிடும். நூல் அமைந்திருக்கும் வரிசையே அதற்கு எதிர்: பதினோரு அதிகாரத்துக்கு மேல் ஒரு மனிதனைப் பேச விட்டுவிட்டு, கடைசி ஏழு வசனத்தில்தான் இன்னொருவர் வாய் திறக்கிறார்.

சாலொமோன் விஷயம். நூல் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. நீதிமொழிகளும் உன்னதப்பாட்டும் முதல் வசனத்திலேயே சொல்கின்றன, இது 'தாவீதின் குமாரன், எருசலேமின் ராஜா' என்று நிறுத்திக்கொள்கிறது. 1:16-இல் 'எனக்கு முன் எருசலேமிலிருந்த எல்லாரையும்விட' என்று வருகிறது. எருசலேமில் சாலொமோனுக்கு முன் ஆண்ட இஸ்ரவேல் ராஜா தாவீது ஒருவர்தான், 'எல்லாரையும்' என்பது உறுத்தும். ராஜ வேடம் 1:12-இல் தொடங்கி 2-ஆம் அதிகாரம் முடிய நிற்கிறது. அப்புறம் பேசுபவர் அதிகாரத்தைக் கீழேயிருந்து பார்க்கிறார்: 5:8-இல் அதிகாரிக்கு மேல் அதிகாரி, அவனுக்கும் மேல் ஒருவன், 8:2-4-இல் ராஜாவிடம் எப்படி நடந்துகொள்வது, 10:20-இல் மனதில்கூட ராஜாவைச் சபிக்காதே, பறவை கொண்டுபோய்ச் சொல்லிவிடும். ராஜா பேசும் பேச்சா இது?

மொழிச் சான்றும் உண்டு. 2:5-இல் சோலைக்கு வரும் 'பர்தேஸ்', 8:11-இல் தீர்ப்புக்கு வரும் 'பித்காம்' இரண்டும் பாரசீகத்திலிருந்து வந்த சொற்கள். சாலொமோனின் காலம் கி.மு. 10-ஆம் நூற்றாண்டு, பாரசீகர் எருசலேமை ஆளத் தொடங்கியது கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில். மறு எல்லை சாக்கடலோரக் கும்ரானில் கிடைத்த துண்டுச் சுவடி, 4கியூ109, கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் நடுவை ஒட்டி எழுதப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எங்கோ. பெரும்பாலான ஆய்வாளர்கள் கி.மு. 3-ஆம் நூற்றாண்டு என்பார்கள், சிலர் பாரசீகர் காலத்திலேயே வைப்பார்கள். குழுவில் மரபுவழி நம்பிக்கை உள்ளவர்களிடம் தேதியை வைத்து மல்லுக்கு நிற்க வேண்டாம். எல்லாம் கையில் இருந்த ஒருவன் செய்து பார்த்த சோதனை என்பதுதான் 2-ஆம் அதிகாரத்துக்குத் தேவை, அது இரு தரப்புக்கும் பொது.

மாலைவாசகர்:

இருவருக்கும் நன்றி. பென்சில் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு கேள்வி மிச்சம். ஒன்று, 'சூரியனுக்குக் கீழே' என்றால் கடவுள் இல்லாத வாழ்க்கை, அதைத்தான் நூல் வீண் என்கிறது, கடவுளோடு வாழ்ந்தால் வீண் இல்லை என்று ஒரு விளக்கம் பரவலாக இருக்கிறது. அது நிற்குமா? இரண்டு, 12:1-7 முதுமையின் உருவகமா? ஒவ்வொரு வரிக்கும் ஒரு உறுப்பு என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நெடுவழி:

முதல் விளக்கம் நிற்காது. 'சூரியனுக்குக் கீழே' 29 இடங்களில் வருகிறது. அவற்றில் 5:18, 8:15, 9:9 மூன்றையும் எடுத்துப் பாருங்கள். வாழ்நாட்கள் கடவுள் கொடுத்தவை, அவற்றில் மகிழ்ந்திரு என்று சொல்லும் வசனங்கள் அவை, 'சூரியனுக்குக் கீழே' என்பதும் அதே வசனத்தில் இருக்கிறது. கடவுள் என்ற சொல் நூலில் 40 முறை வருகிறது. கடவுளை வெளியே நிறுத்திவிட்டுப் பேசும் நூலில் அது நடக்காது. (இஸ்ரவேலின் கடவுளுக்குரிய யாவே என்ற பெயர் ஒரு முறைகூட வராது என்பது உண்மை. அது வேறு விஷயம்.)

இந்தத் தொடர் இந்நூலாசிரியரின் சொந்தச் சரக்கும் இல்லை. பினீசிய நகரான சீதோனின் அரசர்கள் தப்னித், எஷ்முனாசர் இருவரின் சவப்பெட்டிகளில் உள்ள பினீசியக் கல்வெட்டுகளிலும் இருக்கிறது. எஷ்முனாசரின் பெட்டி 1855-இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. கல்லறையைத் திறக்கிறவனுக்கு 'சூரியனுக்குக் கீழே உயிரோடிருப்பவர்களிடையே' பேரோ சந்ததியோ இல்லாமல் போகட்டும் என்ற வகைச் சாபம் அது. அங்கே பொருள் தெளிவு: செத்தவர்களின் இடத்துக்கு எதிர்ப்பதம், உயிருள்ளவர்கள் நடமாடும் இடம். பிரசங்கியிலும் அதையே வைத்துப் படித்தால் ஒரு வசனமும் முறுக்கிக்கொள்ளாது. பக்தன், பக்தியில்லாதவன் இருவரும் சூரியனுக்குக் கீழேதான். 9:2 அதைப் பெயர் சொல்லியே சொல்கிறது: நீதிமானுக்கும் துன்மார்க்கனுக்கும், பலியிடுகிறவனுக்கும் பலியிடாதவனுக்கும் ஒரேவிதமாய்ச் சம்பவிக்கும்.

12-ஆம் அதிகாரம். உறுப்புப் பட்டியல் பழையது, தால்மூதிலேயே (சப்பாத் 151ஆ முதல் 152அ வரை) இருக்கிறது. பிற்கால உரைகளில் காணும் பட்டியல் ஏறக்குறைய இப்படி: வீட்டுக் காவலாளிகள் நடுங்குவது கைகள், பலசாலிகள் கூனிப்போவது கால்கள், மாவரைப்பவர்கள் குறைந்து ஓய்வது பற்கள், சன்னல் வழியாகப் பார்ப்பவர்கள் இருள்வது கண்கள், தெருக்கதவு அடைபடுவது காது அல்லது உதடு, வாதுமை பூப்பது நரை. 3, 4 வசனங்களில் இது கச்சிதமாகப் பொருந்துவதால்தான் இரண்டாயிரம் ஆண்டு நீடித்திருக்கிறது.

பொருந்தாத இடங்கள் உண்டு. 2-ஆம் வசனத்தில் சூரியன், வெளிச்சம், சந்திரன், நட்சத்திரம் இருள்கின்றன, மழைக்குப் பின் மேகம் திரும்பி வருகிறது. எந்த உறுப்பு அது? ஆளுக்கொன்று சொல்வார்கள். 5-இல் அழுகிறவர்கள் வீதியில் திரிகிறார்கள். அது உறுப்பில்லை, நிஜமான சாவு வீட்டு ஊர்வலம். 6-இல் வெள்ளிக்கயிறு, பொற்கிண்ணி, ஊற்றண்டையில் உடையும் குடம், கிணற்றண்டையில் நொறுங்கும் உருளை. இவற்றை முதுகெலும்பு, மண்டையோடு, இதயம் என்று ஆக்கியவர்கள் உண்டு, ஆனால் இங்கே எதுவும் மெல்லத் தளரவில்லை. எல்லாம் அறுகிறது, உடைகிறது. முதுமை முடிந்துவிட்டது, இது சாவு.

மாவரைப்பவர்களை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். எபிரேயத்தில் அந்தச் சொல் பெண்பால் பன்மை. திரிகைக் கல்லில் மாவரைப்பது அன்றாடம் பெண்கள் செய்த வேலை, அன்றைய அப்பத்துக்கு அன்றே அரைத்தாக வேண்டும். சன்னலிலிருந்து பார்ப்பவர்களும் பெண்பால். காவலாளிகளும் பலசாலிகளும் ஆண்பால். ஒரு பெரிய வீட்டில் வேலைக்கார ஆண், எசமான், வேலைக்காரப் பெண், எசமானி என்று நான்கு வகை ஆட்களும் வந்துவிடுகிறார்கள். திரிகைச் சத்தம் நின்றுபோன வீடு என்றால் கேட்பவருக்கு உடனே புரியும்: அங்கே இன்றைக்கு அடுப்பு எரியவில்லை. எரேமியா 25:10 திரிகையின் சத்தத்தையும் விளக்கின் வெளிச்சத்தையும் சேர்த்து நிறுத்திவிடுவேன் என்கிறது, அதே குறிப்பு. அதனால் மேல்தளத்தில் ஒரு வீடு துக்கத்தில் அடைபடுகிறது, அடியில் ஓர் உடல் தளர்கிறது, பின்னணியில் உலகமே இருள்கிறது என்று மூன்றும் சேர்ந்தே ஓடுவதாகப் படிப்பது நல்லது. ஒன்றை மட்டும் சாவியாக்கினால் மற்ற இரண்டும் பூட்டாகவே நிற்கும்.

ஏட்டுச்சுவடி:

மூன்றும் சேர்ந்து என்பது கொஞ்சம் தாராளம். உலக முடிவு என்பதை நான் ஏற்கவில்லை. 1:4-இல் பூமி என்றைக்கும் நிலைத்திருக்கிறது என்றவர் கடைசியில் அதை முடித்துவைப்பாரா? 12:2-இன் இருட்டை 11:7-8-ஓடு வைத்துப் படித்தால் போதும்: வெளிச்சம் இன்பம், சூரியனைக் காண்பது கண்களுக்குப் பிரியம், ஆனால் இருளின் நாட்கள் அநேகம். அங்கே இருள் ஒரு தனி மனிதனின் முதுமையும் சாவும்தான். அவன் கண்ணுக்கு நட்சத்திரம் அணைகிறது. கவிதை 11:7-இலேயே தொடங்கிவிடுகிறது என்பதையும் குழுவில் சொல்லுங்கள், அதிகாரப் பிரிப்பு அதை நடுவில் வெட்டிவிட்டது. 12:1-இன் 'உன் வாலிபப் பிராயத்தில்' என்பது 11:9-இன் 'வாலிபனே, உன் இளமையிலே சந்தோஷப்படு' என்பதன் தொடர்ச்சி. 12:1-ஐத் தனியாகப் படித்தால் எச்சரிக்கை மட்டும் காதில் விழும், சந்தோஷப்படு என்ற கட்டளை விழாது.

எதிர்வெயில்:

அமர்வுகளைப் பிரிப்பது பற்றி.

முதல் அமர்வில் விளக்கமே வேண்டாம். முழுதையும் சத்தமாக வாசியுங்கள், முக்கால் மணி நேரத்துக்குள் முடியும், 222 வசனம்தான். அதிகாரத்துக்கு ஒருவர் என்று குரல் மாறினால் நல்லது. 7:27 வரும்போது இடைப்பட்ட குரலைக் காதே கண்டுகொள்ளும்.

அதன்பின் ஓர் இயல்பான பிளவு இருக்கிறது. 6:9 வரை 111 வசனம், 6:10-லிருந்து கடைசி வரை 111 வசனம். சரிபாதி. தமிழில் 'மனதுக்குச் சஞ்சலம்' என்று படிக்கும் தொடர், மூலத்தில் காற்றைத் துரத்துவது, கடைசியாக வருவது 6:9-இல்தான். அதற்கப்புறம் அது இல்லை. இரண்டாம் பாதியில் அதன் இடத்தை 'கண்டுபிடிக்க முடியாது', 'அறியான்', 'அறியாய்' எடுத்துக்கொள்கின்றன: 7:14, 7:24, 8:17, 9:12, 11:2, 11:5, 11:6. முதல் பாதி உழைப்பைச் சோதிக்கிறது, இரண்டாம் பாதி அறிவைச் சோதிக்கிறது. எண் எவ்வளவு வேண்டுமென்றே அமைந்தது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம், ஆனால் அமர்வு பிரிக்க இதைவிட நல்ல கோடு கிடைக்காது. இரண்டாம், மூன்றாம் அமர்வு முதல் பாதிக்கு, நான்காம், ஐந்தாம் அமர்வு இரண்டாம் பாதிக்கு, ஆறாவது 11:7-லிருந்து முடிவுரைக்கு.

வசன எண்ணில் ஒரு குழி. எபிரேயப் பதிப்பில் 4-ஆம் அதிகாரத்துக்கு 17 வசனம். அந்தப் பதினேழாவதுதான் நம் பழைய மொழிபெயர்ப்பில் 5:1. அதனால் எபிரேய எண்ணைப் பின்பற்றும் உரைநூல் 5:17 என்றால் நமக்கு 5:18. 5-ஆம் அதிகாரத்தில் மட்டும் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். (மேலே எல்லாரும் தமிழ் எண்ணையே தந்திருக்கிறார்கள்.)

மகிழ்ச்சி வரும் ஏழு இடங்களைத் தனித் தாளில் வரிசையாக எழுதி எல்லாருக்கும் கொடுங்கள்: 2:24-26, 3:12-13, 3:22, 5:18-20, 8:15, 9:7-10, 11:7-10. போகப் போகக் குரல் ஏறுவது தெரியும். முதலில் 'இதைவிட நன்மை வேறில்லை' என்ற சலித்த ஒப்புதல். 8:15-இல் 'மகிழ்ச்சியைப் புகழ்ந்தேன்'. 9:7-இல் நேரடிக் கட்டளை: 'நீ போய், உன் ஆகாரத்தைச் சந்தோஷத்துடன் புசி'. ஒவ்வொன்றுக்கும் சற்று முன்னால் ஒரு கறுத்த பகுதி இருக்கிறது, அதை வெட்டிவிட்டு மகிழ்ச்சி வசனத்தை மட்டும் வாழ்த்து அட்டையில் போடுவது இந்த நூலுக்கு அடிக்கடி நடக்கும் அநியாயம். நேர்மாறாக, கறுத்த பகுதிகளை மட்டும் எடுத்துச் சோர்வுவாதி என்று முத்திரை குத்துவதும் உண்டு. யூதர்களின் கூடாரப் பண்டிகை மகிழ்ச்சியின் காலம் என்றே வழிபாட்டில் அழைக்கப்படும். அஷ்கெநாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய) யூத மரபில் அந்தப் பண்டிகையின் ஓய்வுநாளில் வாசிக்கத் தேர்ந்த நூல் இதுதான்.

9:7-9-க்கு ஒரு பழைய உறவு உண்டு. மெசொபொத்தேமியாவின் கில்காமேஷ் காவியத்தின் பழைய பாபிலோனிய வடிவத்தில் மதுக்கடைப் பெண் சிதூரி கில்காமேஷிடம் சொல்வது: வயிறு நிறையட்டும், இரவும் பகலும் களித்திரு, உடை சுத்தமாக இருக்கட்டும், தலையைக் கழுவு, கையைப் பிடிக்கும் குழந்தையைப் பார், மனைவி உன் மடியில் மகிழட்டும். பிரசங்கியில் உணவு, மது, வெள்ளை உடை, தலைக்கு எண்ணெய், நேசிக்கும் மனைவி என்று ஏறக்குறைய அதே வரிசை. இரண்டும் சாவைத் தவிர்க்க முடியாது என்ற பேச்சுக்குப் பின்னாலேயே வருகின்றன. ஒப்பிட்டுப் பார்க்கும்போது வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள். இங்கே குழந்தை இல்லை. கூடுதலாக 9:10 வருகிறது, கைக்கு எட்டிய வேலையை முழு பலத்தோடு செய், நீ போகும் பாதாளத்தில் வேலையும் இல்லை, யோசனையும் இல்லை. 9:7-இல் 'கடவுள் உன் செய்கைகளை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டார்' என்பதும் சிதூரியிடம் கிடையாது.

3:1-8-இல் ஒரு எச்சரிக்கை. பதினான்கு இணை, இருபத்தெட்டு காலம். எதை எப்போது செய்ய வேண்டும் என்று கற்றுத்தரும் அட்டவணையாக இதைப் படிக்கிறார்கள். முதல் இணையே பிறப்பும் இறப்பும், யார் நேரம் பார்த்துப் பிறக்கிறார்கள்? 3:9-இல் லாபக் கேள்வி மறுபடி வருகிறது, 3:11-இல் கடவுள் செய்வதை மனிதனால் தொடக்கம் முதல் முடிவு வரை கண்டுபிடிக்க முடியாது என்று வருகிறது. காலங்கள் உண்டு, அவற்றின் கணக்கு நம் கையில் இல்லை. 3:8-இல் நிறுத்தாமல் 3:15 வரை வாசித்தால் தானே தெளியும்.

மாலைவாசகர்:

7:28 நிச்சயம் வெடிக்கும். ஆயிரத்தில் ஓர் ஆணைக் கண்டேன், பெண்ணைக் காணவில்லை என்பது. அதைத் தாண்டிப் போய்விடலாமா?

நெடுவழி:

தாண்டாதீர்கள், தாண்டினால் அதையே கேட்பார்கள். பெண்களைப் பற்றிய கசப்பு அந்த வரியில் இருக்கிறது, அதை மெழுகி மறைக்க வேண்டியதில்லை. மூன்று விஷயத்தைப் பக்கத்தில் வையுங்கள். 7:26-இன் கண்ணியும் வலையுமான பெண்ணை நீதிமொழிகள் 1-9-இல் வரும் மூடத்தனம் என்ற பெண்ணோடு இணைத்துப் படிப்பவர்கள் உண்டு. அங்கே ஞானமும் பெண்தான், இவர் 7:23-24-இல் எட்டவில்லை என்று ஒப்புக்கொண்டது அவளைத்தான். 7:29 இரு பாலையும் சேர்த்து முடிக்கிறது: கடவுள் மனிதரைச் செம்மையாக உண்டாக்கினார், அவர்களோ உபாயதந்திரங்களைத் தேடிக்கொண்டார்கள். 9:9-இல் நேசிக்கும் மனைவியோடு வாழ் என்று இதே குரல்தான் சொல்கிறது.

இன்னொன்று, வெளிக்குரல் நூலின் நடுவில் குறுக்கிடும் ஒரே இடம் 7:27 என்று மேலே எதிர்வெயில் சொன்னார். சரியாக இந்தப் பேச்சுக்கு முன்னால்தான் 'என்று பிரசங்கி சொல்லுகிறான்' வந்து விழுகிறது. தொகுத்தவர் தன்னைச் சற்றே தள்ளி நிறுத்திக்கொள்கிறாரா என்று கேட்டுவிட்டு, பதிலைக் குழுவிடமே விடுங்கள். அதற்கு இருபது நிமிடம் ஒதுக்கி, 7:23-லிருந்து 7:29 வரை முழுதாக வாசித்த பிறகே பேச்சைத் திறங்கள். 7:28-ஐ மட்டும் திரையில் போட்டால் 7:29-க்கு யாரும் போக மாட்டார்கள்.